ஒபாமாகேர் தீர்ப்பு: யார் கணிப்பு தேறியது?

2012 ஜூன் 28. மணி பத்தைத் தாண்டியதும், ஒபாமாகேர் எனப்படும் அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்று சிஎன்என் அறிவித்தது. ஃபாக்ஸ் நியூஸும் அதையே சொன்னது. சில நிமிடங்களில் இரண்டும் மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. 5-4 என்ற கணக்கில் சட்டம் தப்பியிருந்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தில் இந்தக் கட்டாயம் நிற்காது என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வரி விதிக்கும் அதிகாரத்தில் நிற்கும் என்றார். முதல் பாதியோடு நிறுத்தியவர்கள் ஏமாந்தார்கள்.

அன்று காலை ஏமாந்தவர்களை விடுங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதம் நாடு முழுக்க ஆருடம் சொன்னவர்களில் யாரை நம்பியிருக்கலாம்?

முதலில் பந்தயம் கட்டியவர்கள். இன்ட்ரேட் என்ற பந்தயச் சந்தையில், கட்டாயம் செல்லாது என்பதற்குத் தீர்ப்புக்கு முன் சுமார் 75 சதவீத வாய்ப்பு விலை பேசப்பட்டது. பணம் போட்டவன் யோசித்துத்தான் போடுவான் என்பது இந்தப் பக்கத்தின் பலம். ஆனால் ஒன்பது நீதிபதிகளின் அறையிலிருந்து எதுவும் வெளியே கசியாதபோது, பணம் போட்டவனுக்கும் செய்தி படித்தவனுக்கும் தெரிந்தது ஒன்றேதான். சந்தை எடை போட்டது வழக்கை அல்ல, பேச்சை.

அந்தப் பேச்சு வந்தது நீதிமன்றத்தில் உட்கார்ந்து வாதம் கேட்டவர்களிடமிருந்து. மார்ச் 27 அன்று அரசு வழக்கறிஞர் டொனால்ட் வெரில்லி வாதத்தைத் தொடங்கும்போதே தொண்டை அடைத்துத் தண்ணீர் குடித்தார். காப்பீடு வாங்கச் சொல்லலாம் என்றால் புரோக்கோலி வாங்கவும் சொல்லலாமா என்ற பொருளில் நீதிபதி ஸ்கலியா மடக்கினார். நடுவில் நிற்பவர் என்று எல்லோரும் எண்ணிய நீதிபதி கென்னடியும் கடுமையாகவே கேட்டார். இது அரசுக்கு ஒரு ரயில் விபத்து என்று சிஎன்என்னில் சட்ட விமர்சகர் ஜெஃப்ரி டூபின் சொன்னார். கென்னடியைப் பற்றி அவர்கள் கணித்தது சரியாகவே இருந்தது. சட்டம் முழுவதுமே செல்லாது என்ற பக்கம்தான் கென்னடி நின்றார். தவறு, எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் இருந்தது.

சட்டப் பேராசிரியர்கள் கதை வேறு. புளூம்பெர்க் செய்தி நிறுவனம் 21 பேரைக் கேட்டபோது, சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று 19 பேர் சொன்னார்கள். ஆனால் நீதிமன்றமும் அப்படியே சொல்லும் என்று எதிர்பார்த்தவர்கள் 8 பேர்தான். தாங்கள் படித்த சட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கை அவர்களுக்கு நீதிபதிகள் மேல் இல்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் உறுத்துகிற எண் இதுதான்.

என்னைக் கேட்டால், நம்பத்தக்க தடயம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, கீழ் நீதிமன்றங்கள். குடியரசுக் கட்சி அதிபர்களான ரீகன் நியமித்த நீதிபதி சில்பர்மனும், இளைய புஷ் நியமித்த நீதிபதி சட்டனும் 2011-இலேயே இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக எழுதியிருந்தார்கள். பழமைவாத நீதிபதி என்றால் எதிர்ப்பார் என்ற கணக்கு அப்போதே பொய்த்திருந்தது.

இன்னொன்று, பலர் கொட்டாவி விட்ட முதல் நாள் வாதம். அது மார்ச் 26. காப்பீடு எடுக்காதவர் கட்ட வேண்டிய அபராதம் வரியா, இல்லையா என்பதுதான் அன்றைய கேள்வி. இன்று வரி இல்லை என்கிறீர்கள், நாளை வந்து வரி என்பீர்களே என்று நீதிபதி அலிட்டோ அரசுத் தரப்பைக் குத்திக்காட்டினார். எல்லோருக்கும் நினைவில் நின்றது அதுதான். ஆனால் அதே நாளில் ராபர்ட்ஸ், கட்டாயம் வேறு, அபராதம் வேறு என்று பிரிப்பதில் அர்த்தமில்லை என்றார். பின்னால் அபராதம் இல்லையென்றால் கட்டளையை மீறினால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாதே என்ற பொருளில் பேசினார். வாங்கு, இல்லையேல் வரி கட்டு என்று தீர்ப்பில் அவர் சட்டத்துக்குக் கொண்ட பொருளுக்கு வித்து அங்கே தெரிகிறது. ஆக, ஜெயிப்பது யார் என்று கேட்டவர்களைவிட எந்த வழியில் ஜெயிக்கலாம் என்று கேட்டவர்களே தீர்ப்புக்கு அருகில் போனார்கள்.

இவ்வளவு பேரும் கோட்டைவிட்டது மெடிக்கெய்டை. ஏழைகளுக்கான அந்தத் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலத்துக்கு ஏற்கெனவே வரும் நிதியையும் நிறுத்தலாம் என்றது சட்டம். அது மாநிலங்களை மிரட்டுவது என்ற வாதத்தை அதுவரை எந்தக் கீழ் நீதிமன்றமும் ஏற்றதில்லை. அதனால் யாரும் பெரிதாகப் பந்தயம் கட்டவில்லை. உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஏற்றது. விரிவாக்குவது மாநிலத்தின் விருப்பம் என்றாயிற்று. டெக்சஸும் ஃபுளோரிடாவும் விரும்பவே இல்லை. டெக்சஸில் பிள்ளை இல்லாத, ஊனமில்லாத, நடுவயது ஏழை ஒருவர் எவ்வளவு வறுமையில் இருந்தாலும் அவருக்கு மெடிக்கெய்டு கிடையாது.