பிசிஓஎஸ்: கஷாயம் பாதி, சோற்றுத் தட்டு மீதி

ஆயுர்வேதக் கஷாயம் குடித்து எனக்குப் பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, போய்விடவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு ஓரளவு ஒழுங்குக்கு வந்தது, எடை இறங்கியது, பின்கழுத்தில் படிந்திருந்த கறுப்பு மங்கியது. இதில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, சாப்பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. என் கணிப்பு சாப்பாட்டின் பக்கம்தான்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஆயுர்வேதமா என்று கேட்பீர்கள். 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. இதற்குக் கழற்சிக்காயும் மிளகும் சாப்பிடச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. ஆனால் அத்தை வாக்கப்பட்டது நாகர்கோவிலில். அங்கே ஆயுர்வேதம் வீட்டுப் பழக்கம். நான் முதலில் போன கிளினிக்கில் "கல்யாணம் முடிஞ்சா எல்லாம் சரியாயிரும்" என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். அந்தக் கோபத்தில் அத்தையோடு ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் கிளம்பினேன்.

அந்த வைத்தியர் நாடியைத் தொடுமுன் ஸ்கேனையும் தைராய்டு, புரோலாக்டின், மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டையும் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். மகப்பேறு மருத்துவர் கொடுத்திருந்த மெட்ஃபார்மினை (சர்க்கரை நோய்க்கும் கொடுக்கும் மாத்திரை) நிறுத்தச் சொல்லவில்லை. வரணாதி கஷாயமும் காஞ்சனார குக்குலு மாத்திரையும் எழுதினார். கஷாயம் கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் குக்குலு சேர்ந்த மருந்தைக் கேட்காமல் தொடவேண்டாம் என்பதையும் அவரே சொன்னார்.

கடையில் தாமாகவே அசோகாரிஷ்டம் வாங்கிக் குடிக்கும் தோழிகளுக்கு ஒன்று: அது காலங்காலமாக அதிக உதிரப்போக்குக்குக் கொடுப்பது. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறவளுக்கு அது எதற்கு? போதாக்குறைக்கு அரிஷ்டம் என்றாலே வெல்லம் போட்டுப் புளிக்க வைத்தது. அதில் தானாக ஊறும் ஆல்கஹாலும் உண்டு, பாட்டிலிலேயே போட்டிருக்கும்.

பெரிய சண்டை வீட்டில்தான் நடந்தது. ஆச்சிக்குப் பெண்பிள்ளை உடம்பென்றால் உளுந்தங்களிதான். உளுந்தும் நல்லெண்ணெயும் நல்லதுதான், ஆனால் களியில் பாதி கருப்பட்டி. "ஏட்டி, கருப்பட்டியும் சீனியும் ஒண்ணா?" என்று ஒரு வாரம் பேசவே இல்லை. கருப்பட்டியில் இரும்புச்சத்து கொஞ்சம் கூட இருக்கலாம், இன்சுலினுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தக் கோளாறில் பலருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. உடம்பு அதை இன்னும் அதிகமாகச் சுரக்க, அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. கடைசியில் உளுந்தம்பருப்புச் சோற்றில் சமாதானம் ஆனோம். அரிசியைக் குறைத்துத் தொலி உளுந்தைக் கூட்டி, எள்ளுத் துவையலோடு. மற்ற நாளில் முதலில் காய், அப்புறம் மீனோ முட்டையோ, கடைசியில் சோறு. கல்யாண வீட்டில் சொதி போட்டால் சாப்பிடுவேன், அதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை. அல்வாவும் ஒரு வாய்தான், ஆனால் உண்டு.

நடை வ.உ.சி. மைதானப் பக்கம், வெயில் ஏறுமுன். நடையைவிட எனக்குப் பலன் தெரிந்தது வீட்டிலேயே செய்த உட்கார்ந்து எழும் பயிற்சியிலும் எடை தூக்குவதிலும்தான். தசை வேலை செய்யும்போது அதிக இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பருமனாக இருப்பவர்களுக்கு உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சுழற்சி திரும்பலாம் என்று மருத்துவர் சொன்னது என் விஷயத்தில் சரியாகவே இருந்தது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்கள் என் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கஷாயத்தை வைத்தியரே நிறுத்திவிட்டார். மெட்ஃபார்மின் தொடர்கிறது, நாள்பட எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அதையும் சோதித்துக்கொள்கிறேன். எந்த வைத்தியத்தில் இருந்தாலும் மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போவதை விட்டுவைக்கக் கூடாது. முகவாய் முடி மட்டும் கஷாயத்துக்கும் அசையவில்லை, நடைக்கும் அசையவில்லை. அதற்குப் பார்லரில் நூல் போட்டுக்கொள்கிறேன்.