ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டர்: காரோடு வந்ததா, திருகி அழுத்தத்தை மாற்றுவதா?

இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்தான் ரெகுலேட்டர். இன்ஜெக்டர் ரெயிலிலிருந்து (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாய்) டேங்குக்கு ரிட்டர்ன் லைன் உள்ள பழைய பெட்ரோல் கார்களுக்குத்தான் இந்தக் கேள்வி. டேங்குக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கும் கார்களின் கதை வேறு.

காரோடு வரும் ரெகுலேட்டரை மாற்றுவது சுலபம். பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு பிரஷரை இறக்க வேண்டும். அப்புறம் ஓரிரு போல்ட், புது ஓ-ரிங், வேலை முடிந்தது. பல கார்களில் அழுத்தம் சுமார் 3 பார். அதை மாற்ற வழியில்லை.

திருகி அழுத்தத்தை மாற்றும் வகைக்கு அடாப்டர், தனி ஹோஸ், அழுத்தம் காட்டும் கேஜ் எல்லாம் வேண்டும்; கசியக்கூடிய இணைப்புகளும் கூடும். செட் செய்யும்போது வேக்கம் ஹோஸைக் (இன்ஜினின் காற்று உறிஞ்சும் பக்கத்திலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் சிறு குழாய்) கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டுத்தான் கேஜைப் பார்க்க வேண்டும். ஐடிலில் ஹோஸ் மாட்டியிருந்தால் அளவு 2.4 பார் பக்கம் இறங்கிக் காட்டும். அதை 3 என்று ஏற்றிவிட்டால் உண்மையான அடிப்படை அழுத்தம், அதாவது ஹோஸைக் கழற்றினால் காட்டும் அளவு, 3.6 ஆகிவிடும். பல இடங்களில் நடப்பது இதுதான்! லாக் நட்டை இறுக்கியதும் இன்னொருமுறை கேஜைப் பாருங்கள், அளவு நகர்ந்திருக்கலாம்.

பலன்? 3 பாரை 4 ஆக்கினாலும் இன்ஜெக்டர் ஓட்டம் ஏறக்குறைய 15 சதவீதம்தான் கூடும். அதிலும் சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) திருத்திவிடும். டர்போ, பெரிய இன்ஜெக்டர், மறுடியூன் இருந்தால் சரி, வாங்கலாம். மாற்றமில்லாத இன்ஜினுக்கு வெறும் அலங்காரம்.