தரங்கம்பாடி மிஷன் ஆய்வு: அச்சு அறிக்கையா, மூலக் கடிதமா?

1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கியதில் தொடங்கும் தரங்கம்பாடி மிஷன் வரலாற்றை ஆராய வரும் மாணவர்கள் தடுமாறும் இடம் இது. ஜெர்மனியின் ஹாலே நகரில் 1710 முதல் அச்சான மிஷன் அறிக்கைகளா, அங்கே இந்த மிஷனை ஆதரித்த ஃபிராங்கே நிறுவனத்தின் காப்பகத்திலுள்ள, மிஷனரிகளின் மூலக் கடிதங்களா, எதைப் படிப்பது?

செலவு: அறிக்கைகள் இணையத்தில் இலவசம். கடிதங்களை ஆழமாகப் பார்க்க ஹாலேவுக்கே போவது நல்லது.

வாசிப்பு: அறிக்கைகளின் பழைய ஜெர்மன் அச்செழுத்து சீக்கிரம் பழகிவிடும். கடிதங்களின் கையெழுத்தோ, பயிற்சி இல்லாமல் ஒரு வரிகூட நகராது.

நம்பகம்: இதுதான் முக்கியம். அறிக்கைகள் ஐரோப்பிய ஆதரவாளர்களை மனதில் வைத்து வெட்டித் தொகுக்கப்பட்டவை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713-இல் எழுதிய நூலை ஹாலேயில் அப்போது அச்சிடவே இல்லை. 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. எதை விட்டார்கள் என்பதும் வரலாறுதானே!

ஆனால் ஒன்று. மிஷனரிகளின் கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில்களை, ஜெர்மன் மொழிபெயர்ப்பாகவேனும் நமக்குக் காத்துத் தந்தவை அந்த அறிக்கைகள்தான்.

முதுகலை ஆய்வேட்டுக்கு அறிக்கைகள் தாராளமாகப் போதும். முனைவர் பட்டத்துக்கு, அதுவும் மிஷனரிகளுக்குள் இருந்த பிணக்குகளை எழுதப்போகிறீர்கள் என்றால், கடிதங்களைப் படிக்காமல் இறங்காதீர்கள்.