வார்ட் ஆஃப், ஃபென்ட் ஆஃப், ஸ்டேவ் ஆஃப்: எதை எங்கே சொல்வது?

தீங்கைத் தடுப்பதற்கு ஆங்கிலத்தில் வார்ட் ஆஃப் (ward off), ஃபென்ட் ஆஃப் (fend off), ஸ்டேவ் ஆஃப் (stave off) என மூன்று சொற்கள் உண்டு. தமிழில் மூன்றையும் ‘தடு’ என்று முடித்துவிடுகிறோம். அர்த்தம் தப்பில்லை, ஆனால் ஆபத்து எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்ற தகவல் அதில் காணாமல் போகிறது.

வார்ட் ஆஃப் என்றால் அண்டவிடாமல் செய்வது. ஹாஸ்டல் வார்டன் என்கிறோமே, அதே வேர்தான். காவல் என்று பொருள். கண்ணேறு, பேய், கொசு, சளி எல்லாம் இதற்குள் வரும். புது வீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் இந்தச் சொல்தான் கச்சிதம்.

ஃபென்ட் ஆஃப் அப்படியில்லை. அடி கிட்டே வந்துவிட்டது, கையால் தள்ளுகிறோம். ‘டிஃபெண்ட்’ என்பதன் தலையை வெட்டிப் பிறந்த சொல் இது. துறைமுகச் சுவரில் மோதாதிருக்கப் படகின் பக்கத்தில் டயர் தொங்குமே, அதற்கும் ஃபெண்டர் என்றுதான் பெயர். கிரிக்கெட் வர்ணனையில் இதை அடிக்கடி கேட்கலாம்: முகத்துக்கு நேரே எகிறும் பவுன்சரை பேட்ஸ்மேன் எப்படியோ தட்டிவிடுகிறார், பந்து கிட்டத்தில் நிற்கும் ஷார்ட் லெக் ஃபீல்டரின் கைக்குப் போகிறது. நிருபர்களின் கேள்விகளைச் சமாளிக்கும் அமைச்சருக்கும் இதே சொல்தான்.

ஸ்டேவ் ஆஃப்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டேவ் என்றால் கம்பு. கம்பை நீட்டி எட்டவே நிறுத்துவது பழைய பொருள். இன்று அதில் காலம் கலந்திருக்கிறது: வருவது பெரும்பாலும் வந்தே தீரும், இப்போதைக்குத் தள்ளிப்போடுகிறோம். மாலையில் தின்னும் இரண்டு பிஸ்கட் பசியை ஸ்டேவ் ஆஃப் செய்யும். ராத்திரி சாப்பாட்டுக்கு ஈடாகாது. திவாலாகும் நிலையிலிருக்கும் கம்பெனி புதுக் கடன் வாங்குவதும் இப்படித்தான். இந்த இடத்தில் ‘தடுத்தது’ என்று மொழிபெயர்த்தால் ஆபத்து நீங்கிவிட்டதாக வாசகர் நினைத்துவிடுவார். ‘தள்ளிப்போட்டது’ என்பதே சரி.

நோய் என்ற ஒரே சொல்லோடு மூன்றையும் வைத்துப் பாருங்கள். கைகழுவிக் கிருமியை அண்டவிடாதது வார்ட் ஆஃப். உள்ளே வந்த கிருமியோடு உடம்பு மல்லுக்கட்டி வெளியேற்றுவது ஃபென்ட் ஆஃப். சர்க்கரை நோய் வரும் வயதை நடைப்பயிற்சியால் பத்து வருடம் தள்ளிவைத்தால் ஸ்டேவ் ஆஃப்.

அப்புறம், ‘ஆஃப்’ போய் ‘ஃபார்’ வந்தால் கதையே வேறு. ஃபென்ட் ஃபார் யுவர்செல்ஃப் என்றால் உன் பாட்டை நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம்.