ஆயில் கேஜைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்: தருமபுரியில் எங்கள் பிக்கப்புக்கு நடந்தது

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தக்காளி, மாங்காய் லோடு அடிக்கிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் எங்கள் டீசல் பிக்கப்புக்கு ஆயில் மாற்ற, தருமபுரியில் ஒரு பட்டறையில் விட்டோம். அப்பா பெயரில் இருக்கிற வண்டி. இன்னும் 14 தவணை பாக்கி.

பட்டறை வாசல் சரிவான இடம். வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கி நிற்க, அப்படியே பழைய ஆயிலை இறக்கினார்கள். கறுப்பு ஆயில் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். 5 லிட்டர் கேன் முழுவதையும் ஊற்றி, அந்தச் சரிவிலேயே கேஜை (ஆயில் மட்டம் பார்க்கிற கம்பி) உருவிப் பார்த்து, “கம்மியா காட்டுது” என்று இன்னொரு லிட்டரையும் ஊற்றினார்கள். “வண்டி புத்தகத்துல பில்டரோட சேர்த்தே 5 லிட்டர்னுதானே போட்டிருக்கு?” என்று கேட்டேன். “லோடு வண்டி தம்பி, கூட இருந்தா நல்லதுதான், எஞ்சின் சூடாகாது” என்றார் பட்டறைக்காரர். வயதில் பெரியவர், தொழில் தெரிந்தவர் என்று பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சேலத்தில் தக்காளியை இறக்கிவிட்டு, காலிப் பெட்டிகளோடு தொப்பூர் கணவாயில் ஏறி வருகிறேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியவில்லை, நீலமும் வெள்ளையுமாகப் புகை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் ஒரு நொடி தானாக உறுமியது. ஓரங்கட்டி இறங்கினால், எஞ்சினுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவிலிருந்து போகிற ஹோஸ் முழுக்கப் பிசுபிசுப்பு.

அதே பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். கேஜைத் தொடக்கூட இல்லை. “டர்போ போச்சு தம்பி, 28 ஆயிரம் ஆகும்.” எனக்கு இதுதான் இன்றுவரை ஆறவில்லை. அளவுக்கு மீறி ஊற்றியது தவறு என்றால், அந்தத் தவறுக்கு நம்மிடமே 28 ஆயிரம் கேட்பதை என்னவென்று சொல்வது?

காரிமங்கலத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வியே “கடைசியா எப்போ ஆயில் மாத்தினீங்க?” என்பதுதான். சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, கேஜை உருவினார். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை ஆயில். கோட்டுக்கு வரும்வரை இறக்கியதில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தது. டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் கழற்றிச் சுத்தம் செய்தார், கசிந்த ஆயில் சீலை மாற்றினார். டர்போவின் தண்டைக் கையால் ஆட்டிக் காட்டினார், அளவுக்கு மீறிய ஆட்டம் இல்லை, டர்போ நன்றாகத்தான் இருந்தது. மொத்தம் 3,400 ரூபாய்.

அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் சுற்றுவது ஆயில் மட்டத்துக்கு மேலே. மட்டம் உயர்ந்தால் கிராங்க் அதற்குள் முங்கிவிடும். 2,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 33 சுற்று. மத்து போட்டுக் கடைந்த மோர் மாதிரி ஆயில் நுரைத்துப் போகும். பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும், பேரிங்குக்குப் போக வேண்டிய பிரஷர் இறங்கும். அதாவது ஆயில் கூடிப்போனாலும், ஆயில் இல்லாத எஞ்சின் மாதிரியே தேயும். இன்னொரு பக்கம் உள்ளே அழுத்தம் கூடி சீல் கசியும், அந்த அழுத்தத்தை வெளியேற்றுகிற பிரீதர் குழாய் வழியாக ஆயில் காற்றுக் குழாய்க்குள் போகும். டீசல் எஞ்சினுக்கு அந்த ஆயிலே எரிபொருள். அது நிறையப் போய்விட்டால், சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காமல் வெறி பிடித்ததுபோல் ஓடி உடையும். கணவாயில் கேட்ட அந்த உறுமல் அதன் ஆரம்பமாக இருந்திருக்கலாம் என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டி சமதரையில் நிற்கட்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, சொட்டுவது நிற்கும்வரை இறக்கச் சொல்லுங்கள். ஊற்றும்போது கொஞ்சம் குறைத்தே ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பில்டர் நிரம்பி ஆயில் கீழே இறங்கிய பிறகு கேஜைத் துடைத்துப் பார்த்து மீதியை ஊற்ற வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். அப்புறம் ஒன்று: பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில், யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறினால் ஆயிலில் டீசல் கலந்திருக்கலாம். குறுகிய தூரமே ஓடுகிற வண்டிகளில், டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கிற வடிகட்டி) சுத்தமாவது பாதியில் நின்று நின்று போவதால் இப்படி ஆகும். அந்த ஆயிலை இறக்கி மாற்றத்தான் வேண்டும்.

பில்லில் “ஆயில் 6 லிட்டர்” என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மறுபடி போய்க் கேட்டேன். பணம் திரும்பவில்லை, “நீங்க சொல்லித்தான் ஊத்தினோம்” என்றார்கள். அதே சரிவில் வேறொரு பிக்கப் நின்றிருந்தது, புனலில் ஆயில் போய்க்கொண்டிருந்தது. அந்த டிரைவரிடம் போய், வண்டியைச் சமதரைக்கு இறக்கிக் கேஜைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.