ஏடபிள்யூஎஸ் சாம்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சர்வரைக் கட்டிக் காக்காமல் செயலி எழுத அமேசானின் மேகச் சேவையான ஏடபிள்யூஎஸ் தரும் சாம் என்ற கருவி, கற்றுக்கொள்ள எளிதுதான். சிக்கலெல்லாம் நாம் ஒன்றும் சொல்லாதபோது அது தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகளில் இருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்கும்.

தொடங்க மூன்று கட்டளை போதும்: 'சாம் இனிட்', 'சாம் பில்ட்', 'சாம் டிப்ளாய் --கைடட்'. மூன்றாவது, செயலியை ஏடபிள்யூஎஸ்ஸில் ஏற்றும் முன் வரிசையாகக் கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் என்டர் தட்டிக்கொண்டே போகாதீர்கள். ரீஜன் (சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) எதுவும் பதிவாகாத கணினியில் அது வர்ஜீனியாவை, அதாவது யுஎஸ்-ஈஸ்ட்-1 ஐக் காட்டும். நமக்கு வேண்டியது சிங்கப்பூரின் ஏபி-சவுத்ஈஸ்ட்-1. கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் அமெரிக்கா போய்த் திரும்ப 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஏற்றிய ஸ்டாக்கை (செயலிக்காக அங்கே உருவானவற்றின் தொகுப்பு) அப்படியே ரீஜன் மாற்றவும் முடியாது. அடுத்து, நாம் எழுதிய நிரல்துண்டான ஃபங்ஷனைப் பற்றி வரும் 'இந்த ஃபங்ஷனுக்கு அங்கீகாரச் சோதனை இல்லை, பரவாயில்லையா?' என்ற கேள்விக்கு என்டர் தட்டினால் 'இல்லை' என்று பொருள்; ஏற்றம் அங்கேயே நின்றுவிடும். முதல் ஏற்றமே தோற்று ஸ்டாக் 'ரோல்பேக் கம்ப்ளீட்' நிலைக்குப் போனால், எத்தனை முறை திரும்ப ஏற்றினாலும் ஏறாது. 'சாம் டெலீட்' செய்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

ஃபங்ஷனை ஓட்டும் சேவையான லாம்டாவின் தொடக்க அளவு 128 எம்பி நினைவகம், 3 விநாடி நேர வரம்பு. 'டைம் அவுட்' வந்ததும் பலரும் நேரத்தைக் கூட்டுகிறார்கள். முதலில் நினைவகத்தைக் கூட்டுங்கள். சிபியு பங்கும் அதோடு சேர்ந்துதான் ஏறும். 1,769 எம்பியில்தான் ஒரு முழு விசிபியு (மெய்நிகர் சிபியு) கிடைக்கிறது. 512 எம்பி கொடுத்தால் வேலை சீக்கிரம் முடிவதால், கட்டணம் நான்கு மடங்கு ஆகிவிடுவதில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது நேர அட்டவணை. தேக்காவில் ஒரு துணைப்பாட நிலையம் திங்கள் முதல் வெள்ளிவரை காலை 7 மணிக்குப் பெற்றோருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாமின் 'ஷெட்யூல்' வகை யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் மட்டுமே இயங்கும். 8 மணி நேரத்தைக் கழித்து 23:00 என்று எழுதுபவர்கள்கூட, கிழமையைத் திங்கள்–வெள்ளி என்றே விட்டுவிடுகிறார்கள். யுடிசியில் திங்கள் 23:00 என்றால் இங்கே செவ்வாய் விடிந்திருக்கும். விளைவு, திங்கள்கிழமை செய்தி போகாது. சனிக்கிழமை தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்பும். ஞாயிறு–வியாழன் என்று எழுதுவது ஒரு வழி. அதைவிட நல்லது 'ஷெட்யூல்வி2' வகைக்கு மாறி, நேர மண்டலத்தை 'ஏஷியா/சிங்கப்பூர்' என்று கொடுத்து, 7 மணி என்றே எழுதிவிடுவது. ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கும் கணக்குப் போடும் வேலை இல்லை.

ஃபங்ஷனை நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் 'சாம் லோக்கல் இன்வோக்', டாக்கர் போன்ற கன்டெய்னர் கருவி இருந்தால்தான் ஓடும். அதில் ஓடிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அங்கே செல்லுபடியாவது உங்கள் சொந்த அனுமதிகள். மேகத்தில் ஃபங்ஷனுக்கென்று தனி ரோல் (அனுமதித் தொகுப்பு) உண்டு. டைனமோடிபி தரவுத்தள அட்டவணையைத் தொட்டதும் 'ஆக்ஸஸ் டினைட்' வருவது இதனால்தான். செயலியை விவரிக்கும் டெம்ப்ளேட் கோப்பில் 'டைனமோடிபிகிரட்பாலிசி' சேர்த்து அட்டவணையின் பெயரைக் கொடுத்தால் தீரும்.

மேக்கில் பில்ட் செய்த நேட்டிவ் துணைநூல் (இயந்திர மொழிக்கு மாற்றியது) லாம்டாவில் 'இன்வாலிட் எல்ஃப் ஹெடர்' என்று விழுந்தால், அது லினக்ஸுக்கான பைனரி இல்லை என்று அர்த்தம். 'சாம் பில்ட் --யூஸ்-கன்டெய்னர்' என்று கட்டுங்கள். எம் வரிசை மேக் என்றால் டெம்ப்ளேட்டில் சிபியு கட்டமைப்பை 'ஆர்ம்64' ஆக்கிவிடுங்கள். பில்ட்டும் வேகமாகும், லாம்டாவின் இயக்கக் கட்டணமும் குறையும்.

ஃபங்ஷன் ஓடும்போது கிளவுட்வாட்ச் சேவையில் சேரும் பதிவுகள் நாம் சொல்லாதவரை அழியவே அழியாது. கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவுகள் சேரும் லாக் குரூப்பை டெம்ப்ளேட்டிலேயே அறிவித்து 14 நாள் வைத்துக்கொண்டால் போதும். இதை முதல் ஏற்றத்திலேயே செய்யுங்கள். ஃபங்ஷன் ஒரு முறை ஓடிவிட்டால் அதே பெயரில் குரூப் தானாக உருவாகிவிடும். பிறகு டெம்ப்ளேட்டில் சேர்க்கும்போது 'ஏற்கெனவே இருக்கிறது' என்று ஏற்றம் முறியும்.