டெகோ எம்4 மெஷ் ரவுட்டர்: மாடி வீட்டுக்கு ஒத்து வருமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காங்கிரீட் தளம் போட்ட மாடி வீட்டில், கீழிருந்து மேலே ஒரே ஒரு லேன் கேபிள் இழுக்க முடியும் என்றால் டிபி-லிங்க் டெகோ எம்4-ஐத் தயங்காமல் வாங்கலாம். கேபிளுக்கு வழியே இல்லை என்றாலும் வாங்கலாம். ஆனால் மாடியில் பாதி வேகம் வந்தால் போதும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

மெஷ் என்றால் பல யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே வைஃபையாக வேலை செய்வது. எம்4 இரண்டு, மூன்று யூனிட்டுகள் கொண்ட செட்டாகவும் வருகிறது. ஒவ்வொன்றும் சுமார் 19 செ.மீ. உயரமுள்ள வெள்ளை உருளை. ஏசி1200 ரகம்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் வரை. இது அட்டைப்பெட்டியில் போடும் கணக்கு. போனில் கிடைப்பது இதில் பாதிக்குச் சற்று கூடக் குறைய இருக்கும். ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டுகள். கடையில் இதற்குப் பக்கத்திலேயே இருக்கும் டெகோ இ4 விலை குறைவு, வைஃபை வேகமும் ஒன்றுதான். ஆனால் அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டாது. 150, 200 என்று பிளான் வைத்திருப்பவர்கள் இ4 வாங்கினால் பணம் கட்டும் வேகத்தைப் பார்க்கவே முடியாது.

சுவரில் சொருகும் சாதாரண ரிப்பீட்டரை ஏன் வாங்கக் கூடாது? ஒற்றை பேண்ட் (ஒரே ஒரு அலைவரிசை) ரிப்பீட்டர் ஒரே சேனலில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணிப்பதால் வேகம் பாதியாகும். பல மாடல்கள் தனிப் பெயரில் இன்னொரு நெட்வொர்க்கை உருவாக்குவதால், மாடிக்குப் போன பிறகும் போன் கீழ் ரவுட்டரின் ஒற்றைக் கோடு சிக்னலையே பிடித்துத் தொங்கும். எம்4-இல் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எந்த யூனிட்டுக்கு மாறலாம் என்று போனுக்கு வழிகாட்டும் வசதியும் உண்டு. ஆப்பில் 'ஃபாஸ்ட் ரோமிங்'கை ஆன் செய்தால் வாட்ஸ்அப் கால் பேசிக்கொண்டே படியேறினாலும் பெரும்பாலும் அறுபடாது. சில பழைய போன்களும் ஸ்மார்ட் பிளக்குகளும் அதை ஆன் செய்தால் இணைய மறுக்கும்; அப்போது அணைத்துவிடுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எம்4-இல் இருப்பது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்ட்தான். யூனிட்டுகள் தங்களுக்குள் பேசவும், உங்கள் போனோடு பேசவும் அதே 5 கிகாஹெர்ட்ஸைத்தான் பங்குபோட வேண்டும். அதனால் கேபிள் இல்லாமல் வைத்தால் இங்கேயும் வேகம் பாதியாகத்தான் செய்யும். கேபிள் கொடுத்துவிட்டால் அந்தச் சுமை முழுவதும் கம்பிக்குப் போய்விடும். மாடி யூனிட்டும் கீழ் யூனிட் அளவுக்கே வேலை செய்யும்.

கேபிள் இல்லாமல் வைப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இடத்தில்தான். சிக்னல் செத்துப்போன அறைக்குள்ளேயே இரண்டாவது யூனிட்டை வைத்தால், அதற்கு வருவதே செத்த சிக்னல். பாதி வழியில் வையுங்கள். முதல் யூனிட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் -65 டிபிஎம்-க்குக் கீழே போகாத இடமாக இருக்க வேண்டும் (டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு; -60 நல்லது, -70 பலவீனம்). ஏதாவதொரு வைஃபை அனலைசர் ஆப் இதைக் காட்டும். கம்பி கட்டிய தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் துளைத்து மேலேறுவது கடினம், படிக்கட்டின் திறப்பு வழியாக ஏறுவது எளிது. ஆகவே படி திரும்பும் லேண்டிங்கில் வைப்பதுதான் பல வீடுகளில் சரியான இடம். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் பின்னால் வைக்க வேண்டாம்.

கேபிள் வாங்கும்போது சுத்தச் செம்புள்ள கேட்6 கேளுங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதும் மலிவாகக் கிடைக்கிறது. பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அது வேண்டாம். கனெக்டரில் நிற வரிசை இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் தேவை. நீலமோ பிரவுனோ சரியாகக் கடிபடவில்லை என்றால் நெட் ஓடும், ஆனால் 100 எம்பிபிஎஸ்-இல் நின்றுவிடும். 'ரவுட்டர் சரியில்லை' என்று வரும் புகார்களில் இதையும் முதலிலேயே சோதித்துவிடுவது நல்லது. கரண்ட் வயர் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள். வெளிச்சுவரில் போவதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிள் வேண்டும்.

செட்டப் எல்லாம் டெகோ ஆப்பில்தான். டிபி-லிங்க் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். முகப்பு விளக்கு நீலத்தில் துடித்தால் செட்டப்புக்குத் தயார், பச்சை நிலையாக எரிந்தால் எல்லாம் சரி, சிவப்பு என்றால் இணைப்பில் கோளாறு.

நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் மோடமே ரவுட்டராகவும் இருந்தால், டெகோவை ரவுட்டர் மோடில் போட்டால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெட்வொர்க் உருவாகும். உதாரணமாக, மோடம் தரும் முகவரிகள் 192.168.1 என்றும், டெகோ தருபவை 192.168.68 என்றும் தொடங்கும். மோடத்தில் சொருகிய பிரிண்டர் போனுக்குத் தெரியாது. சிசிடிவி-யை வெளியூரிலிருந்து பார்ப்பதிலும் சிக்கல் வரலாம். ஆப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (ரவுட்டர் வேலையை மோடத்திடமே விட்டு, டெகோ வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றினால் தீரும். குழந்தைகளின் நெட் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பேரன்டல் கன்ட்ரோல் அந்த மோடில் கிடைக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் அது முக்கியம் என்றால், மோடத்தை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) போட்டுத் தர நெட் கம்பெனியிடம் சொல்லி, டெகோவை ரவுட்டராகவே வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் மோடில் மாடிக்குப் போகும் கேபிள் கட்டாயம் முதல் டெகோவிலிருந்துதான் கிளம்ப வேண்டும், மோடத்திலிருந்து அல்ல. எந்த மோடானாலும் மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன்கள் அதையே பிடித்துக்கொள்ளும்.

குறைகள்: முதல் யூனிட்டில் ஒரு போர்ட் மோடத்துக்கு, ஒன்று மாடிக்கு என்று போய்விடுவதால் டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் தனியாக வாங்க வேண்டும். கரண்ட் போனால் மாடி யூனிட்டும் அணையும், கீழே மட்டும் மினி யுபிஎஸ் வைத்துப் பயனில்லை. அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியரைப் பார்த்து அதற்கேற்ற இன்னொரு மினி யுபிஎஸ் மாடிக்கும் வாங்க வேண்டியிருக்கும். 300 எம்பிபிஎஸ்-க்கு மேல் பிளான் எடுப்பவர்கள் புதிய தலைமுறை வைஃபை 6 உள்ள டெகோ எக்ஸ்50-ஐப் பார்ப்பது நல்லது.

மாடியில் ஒரே அறைக்குத்தான் நெட் வேண்டும், பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது என்றால் எம்4 வாங்கவே வேண்டாம். அந்த ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 போல மோடத்தோடு மோதாத எண்ணாக மாற்றி, டிஹெச்சிபி-யை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, மாடிக்கு வரும் கேபிளை வான் போர்ட்டில் (இணையம் உள்ளே வரும் போர்ட்) அல்லாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11.